சூலத்துக்குக் கட்டிய பரிவட்டம்

“தைப்பூசத்துக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை. டாலாவின் மியோஸா இவ்வாண்டு கடோவுக்கு வரவில்லை. காரணம் எழுதப்படவில்லை.”

என் குறிப்பு அட்டைகளில் ஒன்று இப்படித் தொடங்குகிறது. தைப்பூசமும் கிழமையும் நான் அந்த அட்டையை எழுதிய நாளுக்கு உரியவை. மற்றது பழைய பர்மிய அரச வரலாறு ஒன்றைப் படித்து என் சொற்களில் சுருக்கிக்கொண்டது. மியோஸா என்ற சொல்லுக்கு ஊரை உண்பவன் என்று பொருள். ஓர் ஊரின் வரியைத் தின்று வாழ அரசன் விட்டுவைத்திருந்த சிற்றரசன் அவன். வெள்ளைக்காரர்கள் எழுதிய நூல்களில் அவனை டியூக் என்று குறித்திருக்கிறார்கள். கடோ என்றால் வணக்கம். இப்படிப்பட்ட சிற்றரசர்கள் எல்லாரும் குறித்த நாளில் தலைநகருக்கு வந்து, அரசன் முன்னால் மண்டியிட்டு, காணிக்கை வைத்துவிட்டுப் போக வேண்டும். வராதவன் பகைவன்.

அட்டையில் ஆண்டு இருக்கிறது. இங்கே அதை விட்டுவிட்டேன். தேதி இல்லாத தாளை மேசையில் வைத்துக்கொள்ளக்கூடப் பிடிக்காதவன் நான். ஆனாலும் இந்த நினைவுகளில் ஆண்டுகளையும் பெயர்களையும் எழுதப்போவதில்லை. என் தங்கை இன்னும் யாங்கோனின் தாகேதா பகுதியில் அதே வீட்டில்தான் இருக்கிறாள். அந்த வீதியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

அன்று அட்டையின் மை உலர்வதற்குள் தங்கை கணவர் படியேறி வந்தார். என் வீடு, தாகேதாவை நகரத்திலிருந்து பிரிக்கும் பசுண்டாங் ஓடைக்கு இந்தப் பக்கம், நான்காம் மாடி. தண்ணீர்ப் பாட்டில் தூக்கிப் பழகியவருக்கு நான்கு மாடி பெரிதல்ல. அன்று மூச்சு வாங்கியது. உட்காரும் முன்பே கேட்டார்.

“மச்சான், இந்த வருசம் பரிவட்டத்த யாருக்குக் கட்டுறது?”

“போன வருசம் யாருக்குக் கட்டுனீங்க?”

“அதத்தான் ஊரே பேசிக்கிட்டு இருக்கே.”

தேநீர் போட எழுந்தேன். அவர் மேசையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“யாரு, ஒங்க டியூக்கா? இன்னும் ஒரு பக்கமா நிக்கலியா மனுசன்?”

“எங்க நிக்கிறது? ரெண்டு பக்கமும் வாழத்தாரு அனுப்பியிருக்கான்.”

“கெட்டிக்காரன்தான்.”

“அவனும் அப்படித்தான் நெனச்சிருப்பான், மாப்ள.”

அவர் சிரிக்கவில்லை. வழக்கமாக என்னுடைய டியூக்கை வைத்து அரை மணி நேரமாவது கிண்டல் செய்யாமல் போகமாட்டார். கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, இறந்துபோன அரசர்களின் கிழமைகளைச் சரிபார்ப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். மனைவி இருந்தவரை அதைப் பொறுத்துக்கொண்டாள். அவளுக்குப் பிறகு பொறுத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

அவர் கேட்ட கேள்வி எவ்வளவு பெரியது என்று புரிய அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவருக்குத் தாகேதாவில் குடிதண்ணீர் வியாபாரம். சுத்திகரித்த தண்ணீரைப் பெரிய பாட்டில்களில் நிரப்பி, ஒரு சின்ன லாரியில் வீடு வீடாகப் போடுவார். எந்த வீட்டில் யார் நோயில் படுத்திருக்கிறார், எந்த வீட்டுக்கு மருமகன் வந்து தங்கியிருக்கிறான், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தேர்தலில் வென்றவர்கள் ஆண்ட காலத்தில், வட்டத்தின் ஒக்கட்டா அவரைக் கூப்பிட்டு நூறு வீட்டுத் தலைவராக இருக்கச் சொன்னார். ஒக்கட்டா என்பது வட்டத் தலைவரை மக்கள் அழைக்கும் பெயர். அவருக்குக் கீழே வீடுகளைக் கூறுபோட்டுக் கவனிப்பவர்கள் நூறு வீட்டுத் தலைவர்கள். யார் வீட்டில் விருந்தாளி தங்கினாலும் இவரிடம் சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்தாலும் பெரியவர் போய்ச்சேர்ந்தாலும் இவர் கையெழுத்து வேண்டும். “தண்ணியும் நாந்தான் போடுறேன், கையெழுத்தும் நாந்தான் போடுறேன்” என்று அந்த நாட்களில் சொல்லித் திரிந்தார். அதில் அவருக்குப் பெருமை இருந்தது. என் தங்கைக்கும் இருந்தது.

அதே வட்டத்தில் ஒரு சிறிய அம்மன் கோயில். அதற்கும் அவர்தான் செயலாளர். பங்குனியில் பூக்குழி. பூக்குழி இறங்கி முடிந்ததும் வட்டத்தின் ஒக்கட்டாவுக்கு முதல் மரியாதை. அவர் பர்மியராகத்தான் இருப்பார். காது போல ஒரு பக்கம் துணி நீட்டிக்கொண்டிருக்கும் தன் கௌங்பௌங் தலைப்பாகையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, வெறுந்தலையோடு அம்மன் முன்னால் குனிவார். அம்மன் மேல் கிடந்த மஞ்சள் பட்டைப் பூசாரி எடுத்து வந்து அவர் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார். தேங்காயும் வாழைப்பழமும் வைத்த தட்டைக் கையில் கொடுப்பார். பர்மியர்களின் கடோத் தட்டிலும் தேங்காயும் வாழைப்பழமும்தான் இருக்கும். அதனால் எந்த ஒக்கட்டாவும் இதைப் பிறத்தியார் சடங்கு என்று கூச்சப்பட்டதில்லை. துறைமுகத்துக்கும் ரயிலுக்கும் நம் ஆட்கள் வேலைக்கு வந்த காலம் முதலே இருக்கும் வழக்கம் என்பார்கள். அதற்கு எழுத்துச் சான்று எதையும் நான் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்று பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த ஆண்டை மறைப்பதில் பொருளில்லை. இரவு வேளைகளில் எதிர்ப்பைக் காட்ட வீதி முழுக்கப் பாத்திரங்களைத் தட்டினார்கள். கொஞ்ச நாளில் பழைய ஒக்கட்டா வீட்டைப் பூட்டிக்கொண்டு மனைவியோடு எங்கோ போய்விட்டார். மேலிருந்து புதியவர் ஒருவரை வைத்தார்கள். தங்கை கணவர் பொறுப்பைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனார். புதியவர் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாராம். நீ விலகினால் எதற்காக விலகினாய் என்று நான் மேலே எழுத வேண்டியிருக்கும், பார்த்துக்கொள், என்று பர்மிய மொழியில் மிகவும் மரியாதையாகச் சொன்னாராம். இவர் தேநீரைக் குடித்துவிட்டு, பொறுப்போடு திரும்பி வந்தார்.

கூட்டம் சேர அனுமதி கிடைத்த முதல் பங்குனியில் பூக்குழி நடத்தினார்கள். புதிய ஒக்கட்டா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மரியாதை நாற்காலிக்குத்தான், ஆளுக்கு இல்லை என்று கோயில் குழுவில் பேசி முடித்தார்கள். அது எங்கள் ஆட்களுக்கு எப்போதும் சுலபமாக வரும் பேச்சு. பரிவட்டம் கட்டப்பட்டது. தட்டை நீட்டியவர் செயலாளர், அதாவது தங்கை கணவர். யாரோ தொலைபேசியில் படம் எடுத்தார்கள். அடுத்த நாள் அந்தப் படம், கீழே ஒரே ஒரு சொல்லோடு ஊர் முழுக்கச் சுற்றியது. தலான். காட்டிக்கொடுப்பவன் என்று அர்த்தம். அந்த மாதங்களில் வேறு வட்டங்களில் அப்படிப் பெயர் எடுத்தவர்களை, ராணுவத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்த பையன்கள் தேநீர்க்கடையில் உட்கார்ந்த இடத்திலேயே சுட்டார்கள்.

அதன் பிறகு பல வீடுகளில் காலிப் பாட்டிலை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். புதிதாகத் தண்ணீர் வேண்டாம் என்பதற்கு அதுவே பேச்சு. தெரிந்த பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் ஒருவரையும் காட்டிக்கொடுத்ததில்லை. எனக்குத் தெரியும், அவருடைய வீட்டு வாசலைத் தாண்டி நடப்பவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கேட்டது ஒரு துணியைப் பற்றி அல்ல. மறுபடி கட்டினால் பையன்கள் விடமாட்டார்கள். கட்டாவிட்டால் ஒக்கட்டா விடமாட்டார். உயிரோடு தன் வீட்டிலேயே இருக்க அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது.

“திருவிழாவ நிறுத்திட்டா?” என்றேன்.

“நிறுத்துனா, எதுக்கு நிறுத்துனேன்னு அதுக்கு ஒரு தேநீர் குடிக்கணும்.”

“நீங்க செயலாளரா இல்லேன்னா?”

“வேற யாரு வருவா? எல்லாருக்கும் திடீர்னு மூட்டுவலி.” கோப்பையைக் கையில் சுழற்றினார். “நான் ஒண்ணு நெனச்சிருக்கேன் மச்சான். ஆளுக்கே கட்ட வேணாம். ஆத்தா சூலத்துக்குக் கட்டிருவோம். சாமி துணி சாமிக்கே. அத யாரு கேக்க முடியும்?”

எனக்கு அதைவிட நல்லதாக எதுவும் தோன்றவில்லை.

டாலாவின் மியோஸாவை நான் எப்படிப் பிடித்தேன் என்று பலர் கேட்டதுண்டு. டாலா யாங்கோன் ஆற்றுக்கு அந்தப் பக்கம். படகில் போனால் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் மொய்ப்பார்கள். அதைத் தாண்டினால் குடிசைகள், வயல்கள். ஒரு காலத்தில் அங்கே ஒரு கோட்டை இருந்தது என்பதைக் காட்ட ஒரு செங்கல்கூட எனக்கு அகப்படவில்லை. கீழே பெகுவில் மோன் இனத்து அரசன், மேலே ஆவாவில் பர்மிய அரசன். இருவரும் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டார்கள். ஆற்றின் வாயில் டாலா இருந்ததால் இருவருக்கும் அது தேவைப்பட்டது. பெரிய அரசர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய வரலாற்றுக்காரர்கள், டாலாவை ஆண்டவனுக்கு ஆங்காங்கே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வரிகளைப் பொறுக்கி ஒரு மனிதனைச் செய்துபார்க்கலாம் என்று நினைத்தேன்.

முதல் வரியில் அவன் பெகு அரசனுக்கு முன்னால் சத்தியத் தண்ணீர் குடிக்கிறான். அரசனுடைய ஆயுதங்களைத் தோய்த்தெடுத்த நீர் அது. குடித்துவிட்டுத் துரோகம் செய்தால் அந்த ஆயுதங்களே கொல்லும் என்று நம்பிக்கை. அடுத்த வரியில் ஆவாவின் படகுகள் ஆற்றில் இறங்கி வருகின்றன, அவன் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறான். அதற்கடுத்து ஆற்றில் நீர் வற்றுவதற்குள் ஆவாக்காரர்கள் வடக்கே திரும்புகிறார்கள், பெகு அரசன் வருகிறான், அவன் மறுபடியும் தண்ணீர் குடிக்கிறான். அரசன் மன்னித்துவிட்டு, அவனுடைய மகனைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போகிறான். பிறகு அந்த அரசன் இறக்கிறான். அவன் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள். டாலாவின் மியோஸா ஒரே மாதத்தில் வளர்பிறையில் ஓர் இளவரசனுக்கும் தேய்பிறையில் இன்னோர் இளவரசனுக்கும் கடோக் காணிக்கை அனுப்புகிறான். இவற்றில் ஒரு நாளுக்குக் கொடுத்திருக்கும் கிழமை திதியோடு பொருந்தவில்லை. படியெடுத்தவன் தவறா, எழுதியவன் பொய்யா என்று தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் குளிர்காலம் முழுதும் உட்கார்ந்திருந்தேன்.

இளமையில் இவனைக் கோழை என்று நினைத்தேன். அவன் ஒரு பக்கமும் சேராமல் இருந்ததாக ஒரு வரியும் இல்லை என்பதைக் கவனிக்க வெகுகாலம் பிடித்தது. வந்தவர்கள் எல்லாரிடமும் அவன் சேர்ந்தான். கோட்டை அங்கேயே இருந்தது, ஆறும் அங்கேயே இருந்தது. வந்து போனவர்கள் அவர்கள்தான்.

பங்குனியில் நானும் தாகேதா பாலத்தைக் கடந்து கோயிலுக்குப் போனேன். வெயில் தகித்தது. பூக்குழி இறங்கியவர்கள் பால் ஊற்றிய பள்ளத்தில் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். ஒக்கட்டா மனைவியோடு வந்திருந்தார். அவரோடு வந்த இரண்டு பேர் செருப்பைக் கழற்ற மனமில்லாமல் கேட்டுக்கு வெளியே நின்றார்கள், சட்டை இடுப்பில் புடைத்திருந்தது.

பரிவட்டம் இந்த முறை சூலத்துக்குத்தான் என்று ஒக்கட்டாவிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் அது பேச்சாகும், பேச்சானால் ஒரு பக்கம் நின்றதாகும் என்று தங்கை கணவர் கணக்குப் போட்டிருந்தார். சாமி காரியம் தானாக நடந்ததுபோல நடந்துவிட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு மட்டும் வரக்கூடிய கணக்கு அது. கோயிலுக்குள் நடப்பது கோயிலோடு போகும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தோம்.

மேளம் ஏறியது. போன ஆண்டு செய்தது நினைவிருந்ததால் ஒக்கட்டா தாமாகவே எழுந்தார். கௌங்பௌங்கைக் கழற்றி மனைவி மடியில் வைத்தார். வழுக்கைத் தலையைக் குனிந்து, கைகூப்பி நின்றார். பூசாரி மஞ்சள் பட்டோடு வந்தார். அவரைத் தாண்டிப் போனார். சூலத்தின் கழுத்தில் பட்டைச் சுற்றி முடிச்சுப் போட்டார். மேளக்காரர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஒருவர் நிறுத்தினார், மற்றவர் அடித்துக்கொண்டிருந்தார். ஒக்கட்டா அப்போதும் குனிந்துதான் நின்றார். இதுவும் சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்திருக்க வேண்டும். பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் அவர் நிமிர்ந்தார். கௌங்பௌங்கைத் தானே எடுத்துக் கோணலாக வைத்துக்கொண்டார்.

தங்கை கணவர் தட்டை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். நன்றி என்றார்.

ஒக்கட்டா குனிந்து நின்றதும் பட்டு தாண்டிப் போனதும் அன்று மாலையே எல்லாருடைய தொலைபேசியிலும் ஓடியது. தலான் என்று போன ஆண்டு எழுதிய அதே பையன்கள் இப்போது வேறு எழுதினார்கள். தமிழர்கள் தலைகுனியவில்லை, குனிந்தவன் நீதான் என்ற பொருளில் பர்மிய மொழியில் பாட்டுக்கூடக் கட்டினார்கள். தங்கை எனக்குப் போன் செய்தாள். குரலில் பல மாதங்களாக இல்லாத துள்ளல்.

“அண்ணே, எல்லா வீட்லயும் தண்ணி கேக்குறாங்க. காலையில இருந்து போனுக்கு ஓய்வில்ல. எதிர்வீட்டுக்காரி ஒரு கிண்ணம் மொஹிங்கா கொண்டாந்து குடுத்துட்டுப் போறா.”

“மாப்ளகிட்டக் குடு.”

அவர் வாங்கினார்.

“கேக்குறாங்க மச்சான்” என்றார். “அதான் பயமா இருக்கு.”

பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழா கழிந்த பிறகு ஒக்கட்டா கூப்பிட்டனுப்பினார். பரிவட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையாம். தேநீர் வந்தது. கட்டாய ராணுவச் சேவைக்கு வயது வந்த பையன்களைச் சேர்க்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. வீடு வீடாகப் போக வேண்டும். இதுவரை நூறு வீட்டுத் தலைவர்கள் பெயர்களைக் கொடுத்தால் போதும், மற்றவர்கள் போவார்கள். உன் நூறு வீட்டுக்கு மட்டும் நீ முன்னால் போய்க் கதவைத் தட்டு என்று ஒக்கட்டா சொன்னார். உன்னை அவர்கள் இப்போது ரொம்ப நம்புகிறார்கள் போலிருக்கிறது என்றும் சொன்னார்.

அதைச் சொல்லத்தான் கடைசியாக என் வீட்டுக்கு வந்தார். நான் அட்டைகளை எடுத்து ஓரமாக வைத்தேன்.

“போயிருங்க மாப்ள. தாய்லாந்து எல்லையில மே சோட் பக்கம் எத்தன பேரு போயிருக்காங்க.”

“நான் போயிருவேன். ஒங்க தங்கச்சிய வந்து புடிப்பாங்க. ஆள் இல்லேன்னா வீட்ல இருக்குறவங்கதான் கணக்கு.”

“அவளயும் கூட்டிக்கிட்டு.”

“அவ அம்மாவ விட்டுட்டு வரமாட்டா. ஒங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியும். எங்கள் அம்மா பக்கவாதத்தில் அவள் வீட்டில்தான் படுத்திருந்தாள்.

“கதவத் தட்டுனா?”

“தட்டுனா பையனுங்க என்னயத் தட்டுவானுங்க.” அதற்கு அவரே லேசாகச் சிரித்தார். “ஒங்க டியூக்கு இந்த எடத்துல என்ன பண்ணுனாரு? சொல்லுங்க. படிச்சவருதானே.”

“தெரியல மாப்ள. இந்த எடத்துக்குப் பொறகு டாலாவுக்கு வேற ஒருத்தன் பேரு வருது. ஒரு புத்தகம் வெட்டிட்டாங்கன்னு சொல்லுது. இன்னொண்ணு சாமியாராப் போயிட்டான்னு சொல்லுது.”

“நம்ம கோயில்ல சாமியாரு வேல காலி இல்ல” என்றார். பிறகு எழுந்து, தண்ணீர் வடிகட்டும் இயந்திரத்துக்குப் புது வடிகட்டி வாங்க வேண்டும், கடைக்காரன் வெள்ளிக்கிழமைதான் திறப்பான் என்று ஏதோ சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

அவர் கதவுகளைத் தட்டினார். ஒக்கட்டாவின் ஆட்கள் இரண்டு பேர் பின்னால் நின்றார்கள். தங்கை வீதியின் ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், மற்றதை எதிர்வீட்டுக்காரி சொன்னாள். ஒவ்வொரு வீட்டிலும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

“பையன் வீட்ல இல்லதானே?”

பர்மிய மொழியில், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் அதே குரலில். கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது. இல்லை, இல்லை என்று எல்லா வீட்டிலும் சொன்னார்கள். சில வீட்டில் சொன்னவர் பின்னாலேயே பையன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். பின்னால் நின்ற இருவரில் ஒருவன் தொலைபேசியில் ஒவ்வொரு வீட்டையும் படம் எடுத்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் காலை வழக்கம்போல லாரியை எடுத்துக்கொண்டு போனார். மதியத்துக்கு வரவில்லை. மாலையில் லாரி பாலத்துக்கு அருகே நிற்பதாக ஒருவர் வந்து சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். பாட்டில்கள் எல்லாம் நிரம்பியபடியே இருந்தன. ஒன்றும் உடையவில்லை. சாவி வண்டியிலேயே தொங்கியது. ஓட்டுபவர் இருக்கையில் பிரிக்காத வெற்றிலைப் பொட்டலம் ஒன்று.

ஒக்கட்டாவிடம் போனோம். எங்களிடம் இல்லை என்றார், தேநீர் வரவில்லை. அந்தப் பக்கம் கேட்டுப் பாருங்கள் என்றார். அந்தப் பக்கம் கேட்க யாரிடம் போவது? தங்களுடைய வேலை என்றால் பையன்கள் தொலைபேசியில் அறிவிப்பார்கள். பல நாட்கள் பார்த்தோம், அறிவிப்பு இல்லை. யாரோ ஒருவர் மூலம், இன்னொருவர் மூலம், ஒரு பதில் வந்து சேர்ந்தது. அவர் எங்கள் கணக்கில் இல்லை, அவர் நல்லவர் என்று கேள்விப்பட்டோம், என்று.

தங்கை அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

“ரெண்டு பேரும் எங்ககிட்ட இல்லேங்குறாங்க. அப்ப எங்கண்ணே அவரு? நடுவுல எடம் எங்க இருக்கு?”

சில வாரங்களில் அவருடைய நூறு வீடுகளுக்கு வேறு ஒருவரை வைத்தார்கள். புதியவரின் கையெழுத்தோடு வீதியில் ஒரு பெரியவரின் இறப்பைப் பதிந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன்களில் சிலரை அந்த மழைக்காலத்திலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் செய்தது அவர்களுக்கும் உதவவில்லை.

பூசாரி நல்ல மனிதர். அவர்தான் அந்தப் பேச்சை எடுத்தார். இப்படியே விட்டுவைக்கக் கூடாது, காணாமல் போன நாளையே நாளாக வைத்து எள்ளும் தண்ணீரும் இறைத்துவிடலாம், ஆத்துமா அலையக் கூடாது பாருங்கள் என்றார். நாளைச் சொல்ல வேண்டியவன் நான். எனக்குத் திதி தெரியும், பக்கம் தெரியும், பர்மிய மாதமும் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை சொன்னாள்.

“நீ தேதி சொல்லாதண்ணே. நீ சொன்னா அது ஆயிரும்.”

அதனால் சொல்லவில்லை. சொல்லாததால் நன்மை எதுவும் நடந்துவிடவில்லை. அவள் இன்னும் பொட்டு வைத்துக்கொள்கிறாள். விசேஷ வீடுகளில் அவளை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று தெரியாமல் பெண்கள் தடுமாறுகிறார்கள், அதனால் அவள் எங்கும் போவதில்லை. லாரியை ஓட்ட ஆள் இல்லை. நான் வாரம் இருமுறை பாலத்தைக் கடந்து போய் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க உதவுகிறேன். மேசையில் அட்டைகள் அப்படியே கிடக்கின்றன. பொருந்தாத கிழமையை நான் மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பார்த்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

சென்ற மாதம் இன்சீன் சந்தையில் காய்கறி விற்கும் பெண் ஒருத்தி தங்கையைத் தேடி வந்தாள். தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவள். அவளுடைய கணவன் வேறொரு ஊர்ச் சிறையிலிருந்து விடுதலையாகி வந்திருக்கிறான். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும்போது மூடிய வண்டியில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு தமிழர் இருந்தாராம். ஐம்பதைத் தாண்டிய வயது. அதிகம் பேசவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் ஆத்தா என்றாராம். இறங்கும்போது ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாராம்.

தங்கை கணவர் கால் சாய்த்து நடப்பவர் அல்ல. வீட்டை விட்டுப் போன காலையில் அப்படி நடக்கவில்லை.

அந்தப் பெண்ணின் கணவனை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. அவன் யாரையும் பார்க்க விரும்பவில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். வண்டி போனது மழைக்காலத்திலா, அதற்குப் பிறகா என்பதும் அவளுக்கு நிச்சயமில்லை. பக்கத்தில் இருந்தவர் அவர்தானா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.